வலது தடத்து லாரியும் இடது தடத்தின் நிலைமையும்

நான்குவழிச் சாலைகளின் விபத்தும் நெரிசலும் பேசப்படும் இடங்களிலெல்லாம், நாளிதழ்களின் வாசகர் கடிதப் பகுதி தொடங்கிப் போக்குவரத்துக் காவல்துறையின் விழிப்புணர்வுக் கூட்டங்கள் வரை, ஒரு கருத்து மறுக்க முடியாத உண்மையைப் போல் முன்வைக்கப்படுகிறது. மெதுவாகச் செல்லும் லாரிகள் நடுத்திட்டை ஒட்டிய வலது தடத்தை அடைத்துக்கொண்டு போவதே கோளாறு என்றும், ஓட்டுநர்களின் அறியாமையும் பிடிவாதமுமே அதற்குக் காரணம் என்றும், அபராதத்தை உயர்த்தி, கேமராக்களைப் பொருத்தி, அந்த வாகனங்களை இடது தடத்துக்குத் தள்ளிவிட்டால் சாலை தானே சீராகிவிடும் என்றும் அக்கருத்து கூறுகிறது. லாரிகள் வலது தடத்தில் செல்கின்றன என்பது கண்கூடு. அதை எவரும் மறுக்கப்போவதில்லை. அதற்குச் சொல்லப்படும் காரணம் பிழையானது என்பதும், பரிந்துரைக்கப்படும் தீர்வை மட்டும் தனியே செயல்படுத்தினால் சாலையில் ஏற்கெனவே அதிகம் சாகிறவர்களுக்கே அது மேலும் தீங்கு செய்யும் என்பதும் இங்கு நிறுவப்பட வேண்டியவை.

நான்குவழிச் சாலை என்பது, எதிரெதிர்த் திசைப் போக்குவரத்தை நடுத்திட்டு, அதாவது வழக்கில் சென்டர் மீடியன் எனப்படும் தடுப்பு பிரிக்க, ஒவ்வொரு திசைக்கும் 3.5 மீட்டர் அகலமுள்ள இரண்டு தடங்களைக் கொண்ட சாலை. இந்தியாவில் வாகனங்கள் இடதுபுறம் செல்வதால் நடுத்திட்டை ஒட்டியிருப்பது வலது தடமாகவும், ஊரையும் வயலையும் கடைகளையும் ஒட்டியிருப்பது இடது தடமாகவும் அமைகின்றன. இடது தடத்துக்கு அப்பால், சமவெளிப் பகுதிகளில் பொதுவாக 1.5 மீட்டர் அளவுக்குத் தார் போட்ட ஓரமும், அதற்கும் அப்பால் மண் ஓரமும் இருக்கும். வலது தடம் அரளிச்செடி நட்ட நடுத்திட்டையும், அதில் ஆங்காங்கே விடப்பட்ட திறப்புகளையும் தவிர வேறெதையும் தொடுவதில்லை. இடது தடமோ ஊர் முழுவதையும் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாமல் இரண்டையும் சமமான இரண்டு பாதைகளாகக் கருதுவதிலிருந்தே மேற்கண்ட கருத்தின் பிழைகள் தொடங்குகின்றன.

சட்டம் தன் பக்கம் இருப்பதாக எதிர்த்தரப்பு நம்புவதால் முதலில் அதைப் பார்ப்பது பொருத்தம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு, வாகனம் ஓட்டும் முறைக்கான ஒழுங்குமுறைகளை வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளிக்கிறது. அதன்படி வந்த 1989-ஆம் ஆண்டின் சாலை ஒழுங்குமுறைகள், ஓட்டுநர் தம் வாகனத்தைச் சூழ்நிலைக்கு உகந்த அளவுக்குச் சாலையின் இடதுபுறத்தை ஒட்டி ஓட்ட வேண்டும் என்று விதித்தன. 2017-இல் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் அவற்றின் இடத்தைப் பிடித்தபோதும், இடதுபுறம் செல்வது, வலதுபுறமாக முந்துவது என்னும் அடிப்படை மாறவில்லை. இந்த விதி எல்லா ஓட்டுநர்களுக்கும் உரியது. இடது தடம் காலியாகக் கிடக்கும்போது வலது தடத்திலேயே 100 கிலோமீட்டர் வேகத்தில் தொடர்ந்து செல்லும் கார், அதே இடத்தில் 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரியைப் போலவே விதியை மீறுகிறது. வலது தடம் வேகமானவர்களின் உடைமை என்ற எண்ணம் பழக்கத்தில் வேரூன்றியதே ஒழிய, சட்டத்தில் அதற்கு ஆதாரம் இல்லை. அது முந்துவதற்குரிய இடம், முந்தி முடித்ததும் விட்டு விலக வேண்டிய இடம். 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் சேர்த்த 177ஏ பிரிவு, இத்தகைய ஒழுங்குமுறைகளை மீறுவோர்க்கு 500 ரூபாய்க்குக் குறையாமல் 1,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கும்போதும், மெதுவாகச் செல்வோர், விரைவாகச் செல்வோர் என்று பிரித்துப் பார்க்கவில்லை. மேலும், பழைய விதியில் இருந்த அந்தச் சூழ்நிலை வரம்பு கவனத்துக்குரியது. சாலையின் இடது விளிம்பு எப்போதும் ஓட்டத் தகுந்ததாக இருக்காது என்பதை விதியை எழுதியவர்களே அறிந்திருந்தனர். இன்று அந்த விதியை மேற்கோள் காட்டுவோர் அந்த வரம்பை மட்டும் விட்டுவிடுகின்றனர்.

லாரி ஓட்டுநர் வலது தடத்தைத் தேர்வதன் காரணம் இடது தடத்தை அளந்து பார்த்தால் விளங்கும். லாரிக்கு மத்திய மோட்டார் வாகன விதிகள் அனுமதிக்கும் அதிகபட்ச அகலம் 2.6 மீட்டர். டயர் பஞ்சராகியோ, டீக்கடைக்காகவோ நிறுத்தப்பட்ட ஒரு லாரி தார் ஓரத்தின் கடைசி விளிம்பு வரை ஒதுங்கி நின்றாலும், ஓரத்தின் அகலம் 1.5 மீட்டர்தான் என்பதால், எஞ்சிய 1.1 மீட்டர் இடது தடத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அப்போது 3.5 மீட்டர் தடத்தில் மிஞ்சுவது 2.4 மீட்டர், பின்னால் வரும் 2.6 மீட்டர் லாரி அதில் நுழைய வழியே இல்லை. நிற்கும் வண்டியை மண் ஓரத்தில் இறக்கலாமே என்று கேட்கப்படலாம். தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையே மழை அரித்த பள்ளம் உள்ள இடங்களில், முழுப் பாரத்துடன் ஒருபக்கச் சக்கரங்களை மண்ணில் இறக்கினால் வண்டி சாயும் அல்லது புதையும் என்பதை ஓட்டுநர் அறிவார். புதைந்த வண்டியை மேலே ஏற்ற கிரேன் வேண்டும், அதற்கான கூலி பெரும்பாலும் அவர் தலையிலேயே விழும். ஆகவே அவர் தாரிலேயே நிற்கிறார், பின்னால் வருபவர் வலது தடத்துக்கு மாறுகிறார். பகலில் இது வெறும் இடைஞ்சல். இரவில், பார்க்கிங் விளக்கு எரியாமலும் பின்புற ஒளிர்பட்டை புழுதியில் மங்கியும் நிற்கும் லாரி, மரணத்துக்கே காரணமாகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஆபத்தைக் கண்டு பிரேக் பிடித்து நிற்பதற்கு 120 மீட்டர் வேண்டும் என்பது, சாலை அமைப்புத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் குழுமத்தின் வடிவமைப்பு அளவு. எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யாதபடி தாழ்த்தி வைத்த முகப்பு விளக்கோ அதில் பாதித் தொலைவைத்தான் தெளிவாகக் காட்டும்.

நிற்கும் லாரிகள் இடது தடத்தின் இடையூறுகளில் ஒன்று மட்டுமே. பேருந்து நிறுத்தத்துக்கென ஒதுங்குமிடம் இல்லாத ஊர்களில் பேருந்து இடது தடத்திலேயே நின்று ஆளை ஏற்றுகிறது. நடுத்திட்டின் அடுத்த திறப்பு ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், அருகிலுள்ள பெட்ரோல் பங்க்குக்கோ வயலுக்கோ போக வேண்டியவர் ராங் சைடில், அதாவது எதிர்த்திசையில், இடது தடத்தின் ஓரமாகவே பைக்கில் வருகிறார். கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் இடது தடம் முழுவதையும் அடைத்துக்கொண்டு இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்கிறது. அறுவடைக் காலத்தில் உளுந்தும் கேழ்வரகும் காயும் களமாகவும் அந்த ஓரம் மாறுகிறது. இவர்களில் எவரையும் குற்றவாளி என்று சுட்டுவது இங்கு நோக்கமில்லை. பெரும்பாலான நான்குவழிச் சாலைகள், ஊர்களுக்கிடையே ஏற்கெனவே இருந்த இருவழிச் சாலைகளை அகலப்படுத்திப் பிறந்தவை. அந்தப் பழைய சாலையில் ஊர் செய்துவந்த வேலைகளைச் செய்ய வேறு இடம் தராமலே அகலப்படுத்தல் நடந்தது. அணுகுசாலை, அதாவது சர்வீஸ் ரோடு எனப்படும் துணைச்சாலை, தொடர்ச்சியாக இல்லாத இடங்களில் எல்லாம் இடது தடமே அணுகுசாலையாகவும், பேருந்து நிறுத்தமாகவும், வாகன நிறுத்துமிடமாகவும், நடைபாதையாகவும் பயன்படுகிறது. நான்குவழி என்று பெயர் பெற்ற சாலையில், விரைவுப் போக்குவரத்துக்கு நம்பத்தக்கதாக எஞ்சுவது திசைக்கு ஒரு தடம்தான், அது வலது தடம். அந்த ஒரு தடத்தை லாரி பயன்படுத்துவதைப் பிடிவாதம் என்று பெயரிடுவது, ஓட்டுநர் கண்ணெதிரே காண்பதைக் காண மறுப்பதாகும்.

இதைவிட ஆழமான பிழை, மெதுவாகச் செல்லும் வாகனங்கள் என்று ஒரே வகையாகத் தொகுப்பதில் இருக்கிறது. அந்தத் தொகுப்புக்குள் 70 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கன்டெய்னர் லாரி இருக்கிறது; 40 கிலோமீட்டரில் செல்லும் மொபெட் இருக்கிறது; 20 கிலோமீட்டர் டிராக்டரும், அதற்கும் குறைவான வேகத்தில் செல்லும் மிதிவண்டியும் இருக்கின்றன. இவை அனைத்தையும் ஒரே 3.5 மீட்டர் தடத்துக்குள் அடக்க வேண்டும் என்று கோருவோர், அங்கு அடுத்து என்ன நிகழும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. டிராக்டருக்குப் பின்னால் வந்துசேரும் லாரி இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும்: மணிக்கணக்கில் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்தொடர வேண்டும், அல்லது வலது தடத்துக்கு மாறி முந்த வேண்டும். முந்துவது சட்டம் அனுமதிப்பது. ஆனால் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் இரண்டு மூன்று முறை வெளியேறி, மீண்டும் உள்ளே நுழையும் லாரி, ஒவ்வொரு முறையும் பின்னால் விரைந்து வரும் காருக்கு முன்னால் வேகம் குறைந்த நிலையில் குறுக்கே வருகிறது. ஏற்றிய பாரத்துடன் 30-இலிருந்து 70 கிலோமீட்டர் வேகத்துக்கு மீள்வதற்கு அதற்கு நெடுநேரம் ஆகிறது. ஒரே தடத்தில் நிலையான வேகத்தில் செல்லும் லாரியைவிட, தடம் மாறி மாறிச் செல்லும் லாரி ஆபத்தானது. வலது தடத்தில் தொடர்ந்து செல்லும் ஓட்டுநர் அனுபவத்தால் இந்த முடிவுக்கே வந்திருக்கிறார்.

உள்ளே நுழைவதில் மற்றொரு இடரும் உண்டு. ஓட்டுநரின் இருக்கை வலதுபுறம் உயரத்தில் இருக்கிறது. இடது முன்சக்கரத்தை ஒட்டி வரும் பைக் அவர் கண்ணுக்குத் தெரியாது, கண்ணாடியில் ஒரு கணம் தோன்றி மறையும். முன்பு இடதுபுறம் அமர்ந்த கிளீனர் கையை வெளியே நீட்டி, கதவைத் தட்டி, ஓரத்தில் ஆள் இருப்பதைச் சொல்லி வந்தார். இப்போது கூலி கட்டுப்படியாகாமல் பல லாரிகள் கிளீனர் இல்லாமலே நாமக்கல்லிலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் வடமாநிலங்கள் வரை ஓடுகின்றன. அவ்வண்டிகளில் இடதுபுறத்துக்குக் கண்ணே இல்லை. அப்படிப்பட்ட வண்டியை மொபெட்டும் பாதசாரியும் நிறைந்த ஓரத்தை ஒட்டியே ஓட்ட வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது யாருடைய பாதுகாப்புக்காக என்ற கேள்வி எழுகிறது. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள், 19.5 விழுக்காட்டினர் நடந்து சென்றவர்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை கூறுகிறது. அதே ஆண்டில் நாட்டிலேயே அதிகமாக 64,105 விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில். காரில் செல்பவர் சற்றுத் தாமதமின்றிப் போவதற்காக, இறப்போரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினராக உள்ள இவர்களின் பக்கத்தில் கனரக வாகனத்தைக் கொண்டுபோய் நிறுத்துவதைப் பாதுகாப்பு விதி என்று சொல்லலாகாது.

சாலையின் தளமும் இந்தக் கதையில் பங்கேற்கிறது. இந்தியச் சாலைக் குழுமத்தின் தார்ச்சாலை வடிவமைப்பு நெறிமுறை, திசைக்கு இரண்டு தடங்கள் உள்ள பிரிக்கப்பட்ட சாலையில், ஒரு திசையில் செல்லும் வணிக வாகனங்களில் 75 விழுக்காடு ஒரே தடத்தில் செல்வதாகக் கொண்டு தளத்தின் கனத்தைக் கணக்கிடச் சொல்கிறது. அச்சுச்சுமை, அதாவது ஓர் அச்சின் சக்கரங்கள் வழியாகச் சாலைமேல் இறங்கும் எடை, கூடும்போது தளத்தின் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் படியளவில் கூடுகிறது என்பது, 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடத்தப்பட்ட பெருஞ்சோதனையிலிருந்து பெறப்பட்ட முடிவு. அந்தக் கணக்கின்படி, 2018 ஜூலையில் நான்கு டயர்கள் கொண்ட ஒற்றை அச்சுக்கான அனுமதி 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டபோது, முழுச் சுமையேற்றிய அச்சு ஒவ்வொன்றும் விளைவிக்கும் சேதம் ஒன்றரை மடங்குக்கும் மேலாகியிருக்கும். இதன் விளைவாக இடது தடத்தில் சக்கரத் தடங்கள் வாய்க்காலைப் போல் அமிழ்ந்து, மழைநீர் தேங்கி, தார் பெயர்கிறது. அத்தகைய தளத்தில் உயரமாகச் சரக்கு ஏற்றிய லாரி பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். ஓட்டுநர் வலப்பக்கம் ஒதுங்குகிறார், ஒதுங்கியதற்காகப் பழிக்கப்படுகிறார், தளத்தைச் செப்பனிட வேண்டியவர்மீது எந்தக் கேள்வியும் எழுவதில்லை.

எதிர்த்தரப்புக்கு அறிவியல் ஆதரவு உண்டு என்றும் சொல்லப்படுவதுண்டு. மெதுவாகச் செல்பவரும் மிகவேகமாகச் செல்பவரைப் போலவே ஆபத்தானவர் என்னும் வாதத்தின் மூலம், அமெரிக்கப் பொதுச்சாலைகள் பணியகத்துக்காக டேவிட் சாலமன் 1964-இல் வெளியிட்ட ஆய்வு. 11 மாநிலங்களின் ஊரகச் சாலைகளில் விபத்துக்குள்ளான ஏறத்தாழ 10,000 ஓட்டுநர்களின் பதிவுகளை ஆராய்ந்த அவர், சராசரி வேகத்தை ஒட்டிச் செல்வோர்க்கு ஆபத்து மிகக் குறைவு என்றும், அதிலிருந்து இருபுறமும் விலகிச் செல்லச் செல்ல ஆபத்து ஏறுகிறது என்றும் ஒரு வளைகோட்டை வரைந்தார். அந்த வளைகோட்டின் இடது கை, அதாவது மெதுவாகச் செல்வோரைக் குறிக்கும் பகுதி, இரண்டு குறைகளைத் தாங்கியிருந்தது. விபத்துக்குள்ளான வாகனங்களின் வேகம் பின்னர் எழுதப்பட்ட விபத்துப் பதிவுகளிலிருந்து எடுக்கப்பட்டது. திரும்புவதற்காகவோ நிற்பதற்காகவோ வேகத்தைக் குறைத்த வாகனங்களும் மெதுவாகச் செல்பவையாகவே எண்ணப்பட்டன. 1971-இல் வெஸ்ட், டன் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் வேறொரு சாலையின் தரவுகளிலிருந்து திரும்பும் வாகனங்களைக் கழித்துப் பார்த்தபோது, மெதுவாகச் செல்வதால் வரும் ஆபத்து பெருமளவு குறைந்துபோயிற்று. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் க்ளோடனும் அவர் குழுவினரும் 2001-இல் ஊரகச் சாலைகள் குறித்து வெளியிட்ட ஆய்வு, சராசரியைவிட வேகம் கூடக்கூட ஆபத்து மிக வேகமாக ஏறுவதையும், சராசரியைவிடக் குறைவான வேகத்தில் செல்வோர்க்கு ஆபத்து கூடவில்லை என்பதையும் காட்டியது. அறுபது ஆண்டுகளுக்கு முன் வரையப்பட்டு, பின்னர் திருத்தப்பட்ட ஒரு வளைகோட்டின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு லாரி ஓட்டுநர்மீது வழக்குத் தொடுப்பது நேர்மையான அறிவியல் ஆகாது.

வேக வேறுபாட்டை உண்டாக்கியது யார் என்பதையும் கேட்க வேண்டும். 2015-ஆம் ஆண்டின் அறிவிக்கைப்படி, அவ்வாண்டு அக்டோபர் முதல் தயாரிக்கப்படும் சரக்கு வாகனங்களில் 80 கிலோமீட்டருக்கு மேல் செல்லவிடாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்க வேண்டும். டேங்கர், டிப்பர் போன்றவற்றுக்கு அந்த வரம்பு 60 கிலோமீட்டர். 2018 ஏப்ரலில் மத்திய அரசு நான்குவழிச் சாலைகளில் காருக்கு 100 கிலோமீட்டரையும், விரைவுச்சாலைகளில் 120 கிலோமீட்டரையும் உச்சவரம்பாக அறிவித்தது. சரக்கு வாகனங்களுக்கு இரண்டிலும் 80. வேகமே விபத்துகளின் முதன்மைக் காரணம் என்று கண்ட சென்னை உயர்நீதிமன்றம் 2021-இல் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. லாரி மெதுவாகச் செல்வது ஓட்டுநரின் விருப்பத்தால் நேர்வதன்று, அரசே சட்டத்தின் மூலமும் கருவியின் மூலமும் விதித்தது. அந்த வரம்பு சரியானதும்கூட. அவரை வரம்புக்குள் நிறுத்திவிட்டு, காரை மேலும் விரைவாகச் செல்ல அனுமதித்துவிட்டு, இடையில் பிறக்கும் உரசலுக்கு அவரையே பொறுப்பாக்குவது நியாயமில்லை.

எதிர்த்தரப்பின் மனக்குறையில் உண்மையான பகுதி ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஏறத்தாழ ஒரே வேகத்தில் செல்லும் இரண்டு லாரிகளில் ஒன்று மற்றொன்றை முந்த முயன்று, இரு தடங்களையும் நெடுநேரம் அடைத்துக்கொள்வது உண்மையாகவே தீங்கானது. முன்னும் பின்னும் விட வேண்டிய இடைவெளியையும் இரு வண்டிகளின் நீளத்தையும் சேர்த்து 100 மீட்டர் என்று கொண்டால், 80 கிலோமீட்டரில் செல்லும் லாரி 70 கிலோமீட்டரில் செல்வதை முந்த 36 விநாடிகள் ஆகும், அதற்குள் 800 மீட்டர் கடந்துவிடும். வேக வேறுபாடு 4 கிலோமீட்டராக இருந்தால் அதே வேலைக்கு 90 விநாடிகளும் 2 கிலோமீட்டர் சாலையும் தேவைப்படும். பொறுமையிழந்த கார்கள் இடதுபுறமாகப் புகுந்து முந்துவது இந்த 90 விநாடிகளில்தான் நிகழ்கிறது, அப்படிப் புகுந்த கார் ஓரத்தில் நிற்கும் வண்டியில் மோதுவதும் உண்டு. ஜெர்மனியின் ஹாம் நகர உயர்நீதிமன்றம் 2008-இல் இத்தகைய முந்தலுக்கு 45 விநாடி என்ற அளவையும், ஏறத்தாழ 10 கிலோமீட்டர் வேக வேறுபாட்டையும் வழிகாட்டியாகக் கொண்டது. அதுபோன்ற ஒரு வரையறை இந்தியாவிலும் வேண்டும். முந்த வேகம் போதாத வண்டி முந்தக் கூடாது என்னும் அவ்விதி குறிப்பிட்ட ஒரு செயலைத் தடுக்கிறது. வண்டியின் வகையைக் காட்டி அதை ஓரங்கட்டும் விதியிலிருந்து இது வேறானது.

ஜெர்மனியின் பெயர் வரும்போதெல்லாம், அங்கே மெதுவான வாகனங்கள் ஒழுங்காக ஓரத் தடத்தில் செல்கின்றனவே என்ற எடுத்துக்காட்டும் சேர்ந்தே வருகிறது. அங்கு வாகனங்கள் வலதுபுறம் செல்வதால் ஓரத் தடம் என்பது வலது தடம். அந்நாட்டின் விரைவு நெடுஞ்சாலையில் நுழைவதற்கு, வாகனம் தன் வடிவமைப்பின்படியே 60 கிலோமீட்டருக்கு மேல் செல்லக் கூடியதாக இருக்க வேண்டும். நடப்பவர்க்கும் மிதிவண்டிக்கும் அனுமதி இல்லை. தடத்திலும் ஓரத்திலும் வண்டியை நிறுத்துவது தடை. லாரிகள் ஓய்வெடுப்பதற்கென்று தனி இடங்கள் உள்ளன. ஆகவே அந்த ஓரத் தடத்தில் செல்லும் மெதுவான வாகனங்களின் வேகம் 60-க்கும் 80-க்கும் இடையே ஒன்றையொன்று நெருங்கியே இருக்கிறது. இந்தியாவின் இடது தடத்திலோ நிற்பது முதல் எதிரே வருவது வரை எல்லாம் உண்டு. ஓரத் தடத்தைத் தடமாக ஆக்கிய பிறகு அங்கு விதி வேலை செய்கிறது. இங்கே அந்த முன்வேலையைச் செய்யாமல் விதியை மட்டும் இறக்குமதி செய்யச் சொல்கின்றனர்.

இதே கருத்தின் தீவிர வடிவம், மெதுவான வாகனங்களை அடியோடு விலக்கிவிடுவது. பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் முதன்மைப் பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ, டிராக்டர் முதலியவை தடை செய்யப்பட்டன. இருபுறமும் அணுகுசாலை அமைத்த பின்பு வந்த தடை என்ற அளவில், அது மேற்சொன்ன கருத்தைவிட நேர்மையானது; விலக்கப்பட்டவர் போவதற்கு வேறு பாதை காட்டப்பட்டது. அந்த நேர்மை அணுகுசாலையின் தொடர்ச்சியில் அடங்கியிருக்கிறது. ரயில் பாதையிலோ ஆற்றுப் பாலத்திலோ அணுகுசாலை அறுந்துபோகும் எந்தச் சாலையிலும், அவ்விடத்தில் பைக்கில் வருபவர் முதன்மைப் பாதைக்கு ஏறியே தீர வேண்டும், அங்கே அவர் குற்றவாளியாகிறார். தமிழ்நாட்டின் பழைய நான்குவழிச் சாலைகளில் தொடர்ச்சியான அணுகுசாலை அரிது என்பதால், இந்த எடுத்துக்காட்டை அப்படியே கொண்டுவந்து பொருத்துவது, ஊர்க்காரரிடமிருந்து அவருடைய ஒரே சாலையைப் பறிப்பதாகும்.

திசைக்கு மூன்று தடங்கள் கொண்ட ஆறுவழிச் சாலையில் நிலைமை வேறு. அங்கே கனரக வாகனங்கள் இடது ஓரத் தடத்துக்கே செல்ல வேண்டும் என்ற அறிவிப்புப் பலகைகள், மூன்றாம் தடம் அளிக்கும் ஒரே நன்மையை வீணாக்குகின்றன. லாரி நடுத் தடத்திலும், பைக்கும் ஆட்டோவும் டிராக்டரும் இடது தடத்திலும், முந்துவோர் வலது தடத்திலும் செல்வது, ஒவ்வொரு தடத்திலும் வேகங்களை நெருக்கமாக வைத்திருக்கும். எடை மிகுந்த வாகனத்துக்கும் எளிதில் நசுங்கும் வாகனத்துக்கும் நடுவே ஒரு கோட்டை இடும். அத்தகைய சாலையில் வலது ஓரத் தடத்தில் நீடிக்கும் லாரிக்கு அபராதம் விதிப்பதில் எந்தத் தடையும் இல்லை, ஏனெனில் அதற்குச் செல்லத் தகுந்த தடம் ஒன்று உண்மையில் இருக்கிறது. மலைச்சரிவுகளுக்கும் இதே அளவுகோல்தான். தொப்பூர்க் கணவாய் போன்ற இடத்தில் இறங்கும் லாரி குறைந்த கியரில் ஊர்ந்தே ஆக வேண்டும். அதற்கெனத் தனித் தடம் இருந்தால் மட்டுமே பின்னால் வருபவரின் அவசரத்துக்கும் அதன் பாதுகாப்புக்கும் மோதல் இராது.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்ற கேள்விக்கு விடை சுங்கச்சாவடியில் கிடக்கிறது. 2008-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் வகுத்த அடிப்படை விகிதத்தில், கிலோமீட்டருக்குக் காருக்கு 65 பைசா, லாரிக்கும் பேருந்துக்கும் 2 ரூபாய் 20 பைசா, பல அச்சுகள் கொண்ட கனரக வாகனத்துக்கு 3 ரூபாய் 45 பைசா. ஆண்டுதோறும் உயர்ந்தாலும் அவற்றுக்கிடையிலான விகிதம் மாறுவதில்லை. காரைவிட மூன்று மடங்குக்கும் ஐந்து மடங்குக்கும் மேலாகக் கட்டணம் செலுத்தும் வாகனத்துக்கு, அந்தப் பணத்தில் கிடைக்க வேண்டிய முதல் பொருள் ஓட்டத் தகுந்த ஒரு தடம். லாரிகள் ஒதுங்கி நிற்கும் இடமும் பேருந்து நிறுத்த ஒதுக்கமும் அணுகுசாலையும் நான்குவழிச் சாலைகளுக்கான இந்தியச் சாலைக் குழுமத்தின் கையேட்டிலேயே இடம்பெற்றவை. புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியவை அல்ல. இடது தடத்தில் பழுதாகி நிற்கும் வண்டியை எத்தனை மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டும், தளத்தில் சக்கரப் பள்ளம் எந்த ஆழத்தை எட்டியதும் செப்பனிட வேண்டும் என்பவற்றைச் சாலையை நடத்தும் நிறுவனத்தின் கட்டண உரிமையோடு பிணைத்து, தவறினால் அந்தப் பகுதிக்கான கட்டணத்தைக் குறைக்க வேண்டும். அபராதப் புத்தகம் முதலில் நீட்டப்பட வேண்டிய இடம் அதுவே.

ஓட்டுநருக்கு அபராதம் விதிக்கும் முறையிலும் ஒரு மாற்றம் உடனே செய்யத்தக்கது. 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்ந்த 167ஏ விதி, கேமரா வழியாகக் குற்றங்களைப் பதிந்து மின்சலான் அனுப்புவதற்கு வழி வகுத்தது. 177ஏ பிரிவின் கீழ் வரும் தடக் குற்றங்களும் அதில் அடக்கம். கேமரா எடுக்கும் படத்தில் வலது தடத்தில் ஒரு லாரியும் அதன் எண் பலகையும் தெரியும். அதற்கு முன்னே இடது தடத்தில் என்ன நின்றது என்பது தெரியாது. வேகக் குற்றத்துக்கு அளவுக் கருவியின் பதிவு எப்படிச் சான்றோ, அப்படியே தடக் குற்றத்துக்கு, லாரிக்கு முன்னே குறைந்தது 300 மீட்டர் தொலைவுக்கு இடது தடம் காலியாக இருந்ததைக் காட்டும் தொடர் படம் சான்றாக இணைக்கப்பட வேண்டும். அது இல்லாத மின்சலான் செல்லாது என்று விதியிலேயே எழுதப்பட வேண்டும். அப்படி ஒரு நிபந்தனை வந்தால், தடக் குற்றங்களைப் பதியும் அதே கேமரா, இடது தடத்தை அடைத்து நின்ற ஒவ்வொரு வண்டியையும், அது எத்தனை மணி நேரம் அகற்றப்படாமல் நின்றது என்பதையும் சேர்த்தே பதிந்துவைக்கும்.